புது எலெக்ட்ரிக் கிட்டாரின் ஃப்ரெட்போர்டில் மரக் குறைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புது கிட்டார் கைக்கு வந்த அன்று ராத்திரி பலரும் செய்கிற வேலை ஒன்று உண்டு. செல்போன் டார்ச்சை அடித்து ஃப்ரெட்போர்டை, அதாவது நெக்கின் (கழுத்துப் பகுதியின்) மேல்பக்கத்தில் விரல் வைத்து வாசிக்கிற பலகையை, அங்குலம் அங்குலமாகப் பார்ப்பது. ஐந்தாவது ஃப்ரெட் (பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) பக்கத்தில் ஒரு பள்ளம், பன்னிரண்டாவதில் ஒரு வெளிர் கோடு, ஓரத்தில் ஏதோ வெடிப்பு மாதிரி. திருப்பி அனுப்பலாமா, வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தே தூக்கம் போய்விடும். கிட்டார் நெக் சரிசெய்கிற வேலையில் பல வருடமாக இருப்பதால் இந்தக் கவலையோடு வருகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதையும், நான் சொல்கிற பதிலையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எந்தக் குறையைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும், எதை விட்டுவிடலாம்?

குறை பார்க்க எப்படி இருக்கிறது என்பதைவிட அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். ஸ்ட்ரிங்கை அழுத்தும்போது அது உட்காருவது ஃப்ரெட்டின் மேல். மரத்துக்கும் ஸ்ட்ரிங்குக்கும் நேரடி உறவு ஏறக்குறைய கிடையாது. அந்தப் பலகைக்கு இருக்கிற வேலை மூன்று. ஒவ்வொரு ஃப்ரெட்டின் காலையும், அதாவது மரத்துக்குள் இறங்குகிற பகுதியையும், அதற்காக வெட்டிய காடிக்குள் இறுகப் பிடித்திருக்க வேண்டும். கீழே இருக்கிற நெக்கோடு ஒரே கட்டையாக ஒட்டி நேராக நிற்க வேண்டும். கைக்கு வழவழவென்று இருக்க வேண்டும்.

ஆகவே ஒரு குறையைக் கண்டதும் நான்கு இடங்களைப் பாருங்கள். ஃப்ரெட் காடியைத் தொடுகிறதா, நட்டின் (பலகையின் தலைப்பக்க முனையில் ஸ்ட்ரிங்குகள் உட்காருகிற சின்னக் கட்டையின்) அடிக்குப் போகிறதா, பலகையும் நெக்கும் ஒட்டிய கோட்டுக்கு இறங்குகிறதா, கை வழுக்குகிற பக்க ஓரத்தில் இருக்கிறதா. இந்த நான்கில் எதையும் தொடாமல் இரண்டு ஃப்ரெட்டுகளுக்கு நடுவே இருப்பது பெரும்பாலும் தோற்றம் சம்பந்தப்பட்ட விஷயம்தான்.

என் கதையையே சொல்கிறேன். ஆரம்ப காலத்தில் வாங்கிய ஒரு கிட்டாரில் ஏழாவது ஃப்ரெட் பக்கம் நகம் அளவுக்கு ஒரு வெளிறிய திட்டு இருந்தது. மனசு ஒப்பவில்லை, மாற்றிக் கேட்டேன். மாற்றி வந்தது ஒரே சீராகக் கறுத்த, அழகான பலகை. ஆனால் பதினான்காவது ஃப்ரெட்டின் ஒரு முனை எழும்பி நின்றது. காடியோரம் மரம் பெயர்ந்து, ஃப்ரெட்டின் கால் பிடிப்பே இல்லாமல் இருந்தது. வாசித்தால் அந்த இடத்தில் மட்டும் இரைச்சல். முதலில் வந்தது எவ்வளவோ நல்ல கிட்டார் என்று அப்போதுதான் புரிந்தது. திட்டு கண்ணில் பட்டது, பிடிப்பு கண்ணில் படவில்லை.

ரோஸ்வுட் பலகை முழுக்கக் குட்டிக் குட்டிப் பள்ளங்களும் ஊசிக் கீறல்களும் இருக்கின்றன. இது குறையா?

பெரும்பாலும் இல்லை. மரம் உயிரோடு இருந்தபோது நீர் ஏறிய குழாய்கள் அவை. மரத்தை நீளவாக்கில் அறுக்கும்போது குழாயும் நீளவாக்கில் திறந்துகொண்டு குட்டி வாய்க்கால் போலத் தெரிகிறது. நம் ஈட்டி மரம்தான் இந்திய ரோஸ்வுட். தோதகத்தி என்றும் சொல்வோம். இதன் துளைகள் பெரியவை, வெறும் கண்ணுக்கே தெரியும். கருங்காலியில் துளைகள் மிக நுண்மையானவை, அதனால்தான் அது கண்ணாடி போல மழமழவென்று இருக்கிறது. மேப்பிளிலும் துளைகள் நுண்மையானவை. போதாததற்குப் பெரும்பாலும் மேலே லாக்கர் பூச்சும் இருக்கும்.

துளையா அடிபட்ட பள்ளமா என்று பிரித்தறிவது எளிது. துளைகள் எல்லாம் மரத்தின் ரேகை போகிற திசையிலேயே போகும், பலகை முழுக்கப் பரவியிருக்கும், சில மில்லிமீட்டரில் தானே முடிந்துவிடும். அடிபட்ட பள்ளம் தனியாக நிற்கும். ரேகைக்குக் குறுக்கே போகலாம். அதன் ஓரத்தில் மரம் நசுங்கியோ பிய்ந்தோ இருக்கும், உள்ளே நிறம் புதுசாகத் தெரியும்.

துளைகள் ஓர் இடத்தில் அடர்த்தியாகவும் இன்னோர் இடத்தில் குறைவாகவும் இருப்பது மரத்தின் இயல்பு. துளை ஒன்று ஃப்ரெட்டின் ஓரத்தில் போய் முடிந்தாலும் பயப்பட வேண்டாம். காடியின் முழு நீளத்திலும் ஃப்ரெட்டைப் பிடிக்க மரம் மிச்சம் இருக்கிறது.

துளைக்கும் வெடிப்புக்கும் வித்தியாசம் எப்படித் தெரியும்?

இந்தக் கேள்விக்குத்தான் நேரம் எடுத்துப் பதில் சொல்ல வேண்டும். கிட்டாரைத் திருப்புவதா வேண்டாமா என்பது பல சமயம் இதில்தான் முடிவாகிறது.

மரம் ஈரம் இழக்கும்போது அகலவாக்கில் சுருங்கும். நீளவாக்கில் சுருங்குவது கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு. ஆகவே வெடிப்பு வந்தால் அது பெரும்பாலும் ரேகையோடு, நெக்கின் நீளவாக்கில்தான் வரும். துளைகளும் அதே திசையில் போவதால்தான் இந்தக் குழப்பம்.

முதலில் நீளத்தைப் பாருங்கள். துளை சில மில்லிமீட்டரில் நின்றுவிடும், அடுத்தது சற்றுத் தள்ளி வேறு இடத்தில் தொடங்கும். வெடிப்பு நிற்காமல் போகும். சில சமயம் ஒரு ஃப்ரெட்டுக்கு அடியில் நுழைந்து மறுபக்கம் அதே கோட்டில் வெளியே வரும். அப்படி ஃப்ரெட்டைத் தாண்டித் தொடர்கிற ஒரு கோட்டைக் கண்டால் அது வெடிப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பலகையின் இரண்டு முனைகளையும் பாருங்கள். நட்டின் பக்கம் ஒன்று, கடைசி ஃப்ரெட்டுக்கு அப்பால் பலகை முடிகிற இடம் ஒன்று. மரத்தின் வெட்டுமுனை வழியாக ஈரம் வேகமாகப் போகும். அதனால் காய்ந்த வெடிப்புகள் முனையில் தொடங்கி உள்ளே ஓடும். கடைசி ஃப்ரெட்டுக்கு அப்பால் இருக்கிற சின்ன நாக்குப் பகுதியில் மட்டும் மயிரிழை வெடிப்பு இருந்தால் வாசிப்பை அது பாதிக்காது. நட்டிலிருந்து முதல் ஃப்ரெட்டை நோக்கி ஓடினால் விடக்கூடாது. நட் உட்காரும் இடம் அது, அங்கே மரம் இரண்டாகப் பிரிந்தால் நட்டின் பிடிப்பு போய்விடும்.

மூன்றாவது, நகம். விரல்நகத்தைக் கோட்டுக்குக் குறுக்கே லேசாக இழுத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் இல்லாமல் படி போலத் தட்டினால் அது வெடிப்பு. கோட்டின் இரு பக்கமும் கட்டைவிரல்களை வைத்து மாற்றி மாற்றி அழுத்துங்கள். கோடு திறந்து மூடினால் சந்தேகமே வேண்டாம்.

பலகையின் நட்ட நடுவில், மூன்றாவது நான்காவது ஸ்ட்ரிங்குகளுக்கு இடையே நீளமாகக் கோடு ஓடினால் கூடுதல் கவனம் வேண்டும். அதற்கு நேர் கீழேதான் ட்ரஸ் ராட், அதாவது நெக்கின் வளைவைச் சரிசெய்கிற உலோகக் கம்பி, போகிற பள்ளம் இருக்கிறது. பள்ளத்துக்கு மேல் மரம் மெலிந்துபோனாலோ, ராடை அளவுக்கு மீறி இறுக்கியிருந்தாலோ பலகை அந்த இடத்தில் பிளக்கும். புது கிட்டாரில் இதைப் பார்த்தால் நான் பேச்சே இல்லாமல் திருப்பச் சொல்வேன்.

மேப்பிளில் இன்னொரு சிக்கல் உண்டு. மரம் நன்றாகவே இருக்கும், மேலே இருக்கிற லாக்கர் மட்டும் ஃப்ரெட்டின் ஓரத்தில் மயிரிழையாக வெடித்திருக்கும். வெளிச்சத்தைச் சாய்த்துப் பாருங்கள். பூச்சில் விழுந்த வெடிப்பு மேல்பரப்பிலேயே மினுமினுக்கும், ரேகையைப் பற்றிக் கவலைப்படாமல் எந்தத் திசையிலும் போகும். மரத்தின் வெடிப்பு பூச்சுக்கு அடியில் கறுப்புக் கோடாக, ரேகையோடு போகும்.

வெடிப்பு சின்னதுதான், சூப்பர் குளூ விட்டால் போதும் என்கிறார்களே?

நீர் போல ஓடும் சூப்பர் குளூவும் அதே மரத்தின் தூளும் சேர்த்து வெடிப்பை அடைப்பது நல்ல, பழைய வழிதான். நானும் செய்கிறேன். பல வருடம் வாசித்த கிட்டாருக்கு அதுவே சரியான வைத்தியம். புது கிட்டாருக்கு என் பதில் வேறு. காடி வெட்டி ஃப்ரெட் அடிக்கும்போதே மரம் சரியாகக் காயாமல் இருந்திருக்கலாம் என்பதற்கான அடையாளம் அந்த வெடிப்பு. இன்று 2 செ.மீ. இருப்பது இன்னொரு வறண்ட பருவம் கழித்து எவ்வளவு இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. திருப்பித் தரும் உரிமை கையில் இருக்கிறபோது அடைத்துச் சமாளிக்க ஏன் சம்மதிக்க வேண்டும்?

ஃப்ரெட் முனைகள் பக்கவாட்டில் குத்துகின்றன. மரம் கெட்டுவிட்டதா?

மரம் சுருங்கியிருக்கிறது, உலோகம் சுருங்கவில்லை. அவ்வளவுதான். ஃப்ரெட்போர்டு நட் அருகே சுமார் 42, 43 மி.மீ. அகலமும் மறுமுனையில் 56 மி.மீ. அளவும் இருக்கும். இந்த அகலத்தில் ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒன்றிரண்டு பங்கு குறைந்தாலே கைக்குத் தெரிந்துவிடும். விரல்நுனி அவ்வளவு கூர்மையானது. ஈரமான இடத்தில் செய்த கிட்டார் வறண்ட அறைக்கு வந்தால் இது சாதாரணமாக நடக்கும்.

கிட்டாரை 45 முதல் 55% வரை ஈரப்பதம் உள்ள இடத்தில் இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள். மரம் கொஞ்சம் ஈரம் வாங்கியதும் சில கிட்டார்களில் குத்தல் தானே குறையும். குறையவில்லை என்றால் முனைகளை அரம் வைத்துத் தேய்த்துவிடலாம், அது வழக்கமான வேலை. லேசான குத்தலுக்காக மட்டும் ஒரு நல்ல கிட்டாரை நான் திருப்ப மாட்டேன். குத்தலோடு வெடிப்பும் இருந்தால், அல்லது பக்க ஓரத்தில் ஒவ்வொரு ஃப்ரெட் முனையிலும் பூச்சு உடைந்து எழும்பியிருந்தால், மரம் அளவுக்கு மீறிச் சுருங்கியிருக்கிறது என்று பொருள். அப்போது திருப்புங்கள்.

நிறத் திட்டுகள், வெளிர் கோடுகள்? கருங்காலி என்று சொல்லிவிட்டு பழுப்புக் கோடு போட்ட பலகை வந்திருக்கிறது.

கருங்காலி என்றால் மைக்கறுப்பாக இருக்க வேண்டும் என்பது நாமாக வளர்த்துக்கொண்ட எதிர்பார்ப்பு. டெய்லர் கிட்டார் நிறுவனம் 2011-இல் ஸ்பெயினின் மாடின்டர் நிறுவனத்தோடு சேர்ந்து காமரூனில் க்ரெலிகாம் என்ற கருங்காலி அறுவை ஆலையை வாங்கியது. அங்கே போன பிறகுதான், முழுக் கறுப்பான ஒரு மரத்துக்காகப் பத்து மரங்களை வெட்டிவிட்டு, கோடு போட்ட மற்றவற்றைக் காட்டிலேயே போட்டுவிட்டு வரும் வழக்கத்தைத் தெரிந்துகொண்டதாக நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான பாப் டெய்லர் வெளிப்படையாகச் சொன்னார். அதன்பின் கோடுள்ள கருங்காலியையும் தங்கள் கிட்டார்களில் பயன்படுத்தத் தொடங்கினார்கள். கோடுள்ளதும் அதே கருங்காலிதான். கோடு இருப்பதால் பலகை எந்த விதத்திலும் மட்டமாகிவிடாது. எனக்கு அந்தப் பழுப்புக் கோடு பிடிக்கும். ஒரு மரம் எங்கோ நின்று வளர்ந்தது என்பதை அது ஞாபகப்படுத்துகிறது.

மேப்பிளில் சாம்பல், பச்சை, பழுப்பு நிறத்தில் மெல்லிய கோடுகள் வரும். மரத்தில் படிந்த தாதுக் கறை என்று சொல்வார்கள். வலுவை அது குறைப்பதில்லை. ரோஸ்வுட்டில் ஓரமாக வெண்மையான பட்டை தெரிந்தால் அது மரத்தின் வெளிப்பகுதி, வைரம் பாயாத பகுதி. ஓரத்தில் மெல்லிசாக இருந்தால் விட்டுவிடலாம். ஃப்ரெட் முனைகள் எல்லாம் அந்த மென்மையான பட்டையில் உட்காருகிற அளவுக்கு அகலமாக இருந்தால் நான் வேறு பலகை கேட்பேன்.

சாயம் பூசிய பலகை தனி விஷயம். வெளிர் மரத்தை, அல்லது கோடுள்ள கருங்காலியை, கறுப்புச் சாயம் போட்டுச் சமன் செய்வது உண்டு. உலர்ந்த வெள்ளைத் துணியால் ஓர் இடத்தில் அழுத்தித் தேயுங்கள். துணியில் லேசாக நிறம் ஒட்டினால் பெரிய கவலை இல்லை, கொஞ்ச நாளில் நின்றுவிடும். திட்டுத் திட்டாகச் சாயம் விட்டுப்போய் அடியில் வெள்ளை தெரிந்தால் அது வேலைத்தரக் குறைவு, புகார் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

ரோஸ்வுட் எதிர்பார்த்தேன், வெளிறிய செம்பழுப்பில் ஏதோ மரம் வந்திருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

விவரக்குறிப்பில் என்ன மரம் எழுதியிருந்தது என்று முதலில் பாருங்கள். 2017 ஜனவரி 2 முதல், ரோஸ்வுட் சேர்ந்த டால்பெர்ஜியா இனத்து மரங்கள் அனைத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டின் இரண்டாவது பட்டியலுக்குள் வந்தன. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு 1992 முதலே இதைவிடக் கடுமையான கட்டுப்பாடு இருந்தது. ஒவ்வொரு கிட்டாருக்கும் தாள் வேலை கூடியதால் பல நிறுவனங்கள் பாவ் ஃபெரோ, இந்தியன் லாரல் போன்ற மரங்களுக்கு மாறின. இந்தியன் லாரல் என்பது நம் கருமருதுதான். முழுமையாகச் செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பர் 26 முதல் விலக்கு கிடைத்தது, ஆனாலும் எல்லாரும் ரோஸ்வுட்டுக்குத் திரும்பிவிடவில்லை. பாவ் ஃபெரோ, கருமருது இரண்டும் ஃப்ரெட்போர்டுக்கு நல்ல மரங்களே. எழுதியிருந்தது ஒன்று, வந்தது வேறு என்றால் மட்டும் திருப்புங்கள்.

ரேகை ஓரிடத்தில் சுழித்துக்கொண்டு போகிறது. கணுவா?

கிளை முளைத்த இடம் கணு. அதைச் சுற்றி ரேகை வளைந்து போகும். குண்டூசித் தலை அளவுக் கணு ஃப்ரெட்டுகளுக்கு நடுவில் இருந்தால் விட்டுவிடுங்கள். கணுவைச் சுற்றிக் கறுப்பு வளையமாக இடைவெளி தெரிந்தாலோ, அது ஃப்ரெட்டின் அடியில் போய் முடிந்தாலோ, பக்க ஓரத்தில் வந்து நின்றாலோ வேண்டாம். மேப்பிளில் பறவைக்கண் போலப் புள்ளி புள்ளியாக இருப்பது கணு கிடையாது. அதைத் தேடி வாங்குகிறவர்களே உண்டு.

எங்கோ அடைத்து மூடிய மாதிரி ஒரு மினுமினுப்பு தெரிகிறது.

மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைப்பது உயர்ந்த பட்டறைகளிலும் நடக்கிற வேலை. இன்லே (பலகையில் பதித்த புள்ளி போன்ற அலங்காரக் குறி) ஓரத்தில் மயிரிழை அளவுக்குக் கறுப்பு விளிம்பு தெரிவதும், பக்கவாட்டில் ஃப்ரெட் காடியின் முனையை அடைத்திருப்பதும் இயல்பு. காடியை ஃப்ரெட்டின் காலைவிடக் கொஞ்சம் ஆழமாக வெட்டுவதே வழக்கம், அந்த இடைவெளியைத்தான் மூடியிருக்கிறார்கள்.

அடைத்த இடத்தில் துளைகள் இருக்காது. சாய்வான வெளிச்சத்தில் அந்தத் திட்டு மட்டும் ஒரே நிறத்தில் தட்டையாக மினுங்கும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுங்கள். விரலுக்குத் தெரியவில்லை என்றால் நல்ல வேலை. பக்கத்தில் ஃப்ரெட் இருந்தால் மட்டும், அந்த ஃப்ரெட்டுக்குப் பிடிப்பு இருக்கிறதா என்று அடுத்த பதிலில் சொல்கிறபடி சோதித்துவிடுங்கள்.

ஃப்ரெட்டின் ஓரத்தில் சில்லு பெயர்ந்திருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. காடியின் அகலம் சுமார் 0.6 மி.மீ. ஃப்ரெட்டின் தலை அதைவிட அகலம், 2 முதல் 3 மி.மீ. வரை. ஆக, காடியின் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் மரத்தைத் தலை மூடிக்கொள்கிறது. காடி வெட்டும்போது பெயர்கிற பொடிச் சில்லுகள் எல்லாம் இதற்குள் மறைந்துவிடும். அதையும் தாண்டி வெளியே தெரிகிறது என்றால் பெயர்ந்த சில்லு சின்னதாக இருக்க முடியாது. அதனால்தான் ஃப்ரெட் ஓரத்துச் சில்லை நான் நடுப் பலகையின் பள்ளத்தைவிடப் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.

பிடிப்பைச் சோதிக்க மரக்குச்சி ஒன்று போதும். ஃப்ரெட்டின் இரு முனைகளிலும் நடுவிலும் அழுத்துங்கள். ஃப்ரெட் அமுங்கி எழுந்தால், அல்லது தலைக்கும் மரத்துக்கும் நடுவே இருக்கிற கோடு மூடித் திறந்தால் பிடிப்பு இல்லை. குச்சியால் மெல்லத் தட்டிப் பார்க்கலாம். பிடித்திருக்கிற ஃப்ரெட் கணீரென்று ஒலிக்கும், பிடிக்காதது பொத்தென்று சத்தம் தரும். நேரான விளிம்புள்ள கெட்டி அட்டையை அடுத்தடுத்த மூன்று ஃப்ரெட்டுகள் மேல் நிற்க வைத்துப் பாருங்கள். அட்டை ஆடினால் நடுவில் இருப்பது உயர்ந்து நிற்கிறது.

எல்லா ஃப்ரெட்டும் இறுகி இருந்து, சில்லு மட்டும் தெரிந்தால் முடிவு உங்கள் கண்ணுடையது.

உப்புத்தாள் தேய்த்த கோடுகள் இருக்கின்றன. நானே தேய்த்துச் சரிசெய்யலாமா?

செய்யலாம், எளிய வேலைதான். ஆனால் வைத்துக்கொள்வது என்று முடிவான பிறகு மட்டும். நீங்கள் கை வைத்த பிறகு எந்தக் குறை ஆலையிலிருந்து வந்தது என்று நிரூபிக்க முடியாது.

நெக்கும் பலகையும் ஒட்டிய இடத்தில் கறுப்புக் கோடு தெரிகிறது.

மெல்லிய, ஒரே சீரான கோடு என்றால் அது பசைக்கோடு, பிரச்சினை இல்லை. ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்து போனால் மெல்லிய காகித நுனியை உள்ளே விட்டுப் பாருங்கள். நுழைந்தால் பலகை விடுபட்டிருக்கிறது, திருப்புங்கள். குறிப்பாக நட்டின் பக்கமும் கடைசி ஃப்ரெட்டின் பக்கமும் பாருங்கள், பிரிவது பெரும்பாலும் முனையிலிருந்துதான்.

காகிதம் நுழையாமல் கோடு மட்டும் விரலுக்குத் தட்டுப்பட்டால், இரண்டு மரங்களும் வெவ்வேறு அளவில் சுருங்கியதால் மேலே இருக்கிற லாக்கர் அந்தக் கோட்டில் மடிந்திருக்கும். பசை உறுதியாகவே இருக்கும்.

பலகை நேராக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

ஆறாவது ஸ்ட்ரிங்கை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே சமயத்தில் அழுத்துங்கள். ஏழாவது, எட்டாவது ஃப்ரெட் அருகே ஸ்ட்ரிங்குக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே சுமார் 0.2 முதல் 0.25 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். சாதாரண அச்சுத்தாள் ஒன்று ஏறத்தாழ 0.1 மி.மீ. தடிமன், ஆக இரண்டு தாள் நுழையும் அளவு. கூடினாலும் குறைந்தாலும் ட்ரஸ் ராடைக் கொண்டு சரிசெய்யலாம், அதைக் குறை என்று சொல்லக்கூடாது.

அதே சோதனையை முதல் ஸ்ட்ரிங்கிலும் செய்யுங்கள். ஆறாவதில் இடைவெளி நிறைய, முதலாவதில் இடைவெளியே இல்லை என்றால் நெக் முறுக்கிக்கொண்டிருக்கிறது. ட்ரஸ் ராடுக்கு முன்னும் பின்னும் வளைக்கத்தான் தெரியும், முறுக்கை எடுக்கத் தெரியாது. புது கிட்டாரில் முறுக்கு இருந்தால், பலகை எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

குண்டூசி குத்தின மாதிரி வட்டத் துளை இரண்டு இருக்கிறது. பூச்சியா?

வண்டு துளைத்ததாக இருக்கலாம். மரம் நின்றபோதோ, அறுத்துக் கிடந்தபோதோ நடந்திருக்கும். சூளையில் காயவைக்கும்போது பூச்சி செத்துவிடும். கிட்டாரை ஒரு வெள்ளைத் தாள் மேல் வைத்து இரண்டு நாள் விடுங்கள். தாளில் மாவு போலத் தூள் விழுந்தால் மரம் இன்னமும் உளுத்துக்கொண்டிருக்கிறது, அந்தக் கிட்டாரை மற்ற மரச் சாமான்களிலிருந்து தள்ளி வைத்துவிட்டு உடனே திருப்புங்கள். தூள் இல்லை என்றால் பழைய துளை, அப்படியே விடலாம்.

நெக்கின் பின்னால் கறுப்பாக நீளப் பட்டை. வெடித்து ஒட்டியிருக்கிறார்களா?

ஃப்ரெட்போர்டில் இல்லாவிட்டாலும் அடிக்கடி கேட்கிறார்கள். ஒரே மேப்பிள் கட்டையில் நெக் செய்தால் ட்ரஸ் ராடைப் பின்பக்கமாகத்தான் உள்ளே வைக்க முடியும். அந்தப் பள்ளத்தை வால்நட் போன்ற கறுப்பு மரப் பட்டையால் மூடுவார்கள். ஃபெண்டர் 1950களிலிருந்து இப்படிச் செய்கிறது. வடிவமைப்பின் பகுதி அது.

பலகையில் குறை இருந்தால் ஒலி கெடுமா?

தோற்றக் குறையால் கெடாது. ஃப்ரெட் பிடிப்பில்லாமல் இருந்தால் கெடும்: அந்த ஸ்வரம் மட்டும் சீக்கிரம் அணைந்துவிடும் அல்லது இரையும். ஒவ்வொரு ஸ்ட்ரிங்கையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் ஒரு முறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். கால் மணி நேரம்கூட ஆகாது. கண்ணுக்குத் தப்பியது காதில் அகப்படும்.

பலகை வெளுத்து, சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறது. எண்ணெய் தேய்க்கலாமா?

வறண்ட தோற்றம் குறை கிடையாது. பூச்சில்லாத ரோஸ்வுட், கருங்காலி, பாவ் ஃபெரோ, கருமருது பலகைகளுக்கு மினரல் ஆயிலை ஒன்றிரண்டு சொட்டு துணியில் எடுத்துத் தேய்த்து, சில நிமிடத்தில் மிச்சத்தைத் துடைத்துவிட்டால் போதும், நிறம் திரும்பிவிடும். ஃப்ரெட்போர்டுக்கென்று விற்கிற லெமன் ஆயில் பெரும்பாலும் வாசனை சேர்த்த மினரல் ஆயில்தான். சமையல் எண்ணெய் வேண்டாம், சிக்குப் பிடித்து நாறும். லாக்கர் போட்ட மேப்பிளுக்கு எண்ணெயே தேவையில்லை, ஈரத்துணி போதும்.

இன்னொன்று. எண்ணெய் பட்டதும் மயிரிழை வெடிப்புகள் கறுத்து மறைந்துவிடும். ஆகவே சோதித்து முடிக்கும்வரை எண்ணெய்ப் பாட்டிலைத் திறக்காதீர்கள்.

விலை குறைந்த கிட்டார்தானே, கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டாமா?

தோற்ற விஷயத்தில் பொறுத்துக்கொள்ளலாம். நிறம் ஒத்துப்போகாத பலகை, தெரிகிற மாதிரியான அடைப்பு, உப்புத்தாள் கோடு, இவை எல்லாம் விலை குறையக் குறையக் கூடும், அது நியாயம்தான். விலை கூடிய கிட்டாரில் இவற்றுக்காகவே திருப்பலாம், அதுவும் நியாயம்தான். அழகுக்கும் சேர்த்துத்தானே பணம் கொடுத்திருக்கிறீர்கள். வெடிப்பு, பிரிந்த பசைக்கோடு, பிடிப்பில்லாத ஃப்ரெட், முறுக்கு, இந்த நான்குக்கும் விலைப் பேச்சு பொருந்தாது. கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைக்கு வாங்கிய முதல் கிட்டாரில் ஒரு ஃப்ரெட் இரைந்தால், தன் விரல்தான் சரியில்லை என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொள்ளும். அதனால் விலை குறைந்த கிட்டாரில் இந்த நான்கையும் இன்னும் கறாராகப் பார்க்கச் சொல்கிறேன்.

திருப்புவது என்று முடிவு செய்துவிட்டேன். என்ன செய்ய வேண்டும்?

ட்ரஸ் ராடைத் தொடாதீர்கள், ஸ்ட்ரிங் மாற்றாதீர்கள், பிக்கார்டு (கிட்டார் உடலில் கீறல் விழாமல் காக்கும் தகடு) மேல் ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் தாளை உரிக்காதீர்கள். ஒவ்வொரு குறைக்கும் இரண்டு படம் எடுங்கள்: எந்த ஃப்ரெட் அருகே என்று தெரிகிற மாதிரி தூரத்திலிருந்து ஒன்று, கிட்டத்திலிருந்து ஒன்று. வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து சாய்ந்து விழட்டும். நேர் மேலிருந்து அடித்தால் வெடிப்பும் பள்ளமும் படத்தில் தெரியாது. கிட்டப் படத்தில் ஒரு ஸ்கேலை வைத்து எடுங்கள். இரைகிற ஃப்ரெட்டுக்குப் படம் உதவாது, சின்ன வீடியோவாக வாசித்துக் காட்டுங்கள்.

எழுதும்போது "மரம் சரியில்லை" என்று பொதுவாக எழுதினால் "மரத்தின் இயல்பு" என்று பதில் வரும். "நட்டிலிருந்து இரண்டாவது ஃப்ரெட் வரை, மூன்றாவது ஸ்ட்ரிங்குக்கு அடியில், ரேகையோடு 70 மி.மீ. வெடிப்பு, முதல் ஃப்ரெட்டைத் தாண்டித் தொடர்கிறது" என்று எழுதுங்கள். மாற்றுக் கிட்டார் வந்ததும் வறண்ட நாளோ குளிர் நாளோ என்றால் பெட்டியை உடனே திறக்காமல் ஒரு நாள் அறையிலேயே வைத்திருங்கள். அப்புறம் இதே சோதனைகளை நட்டிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.